இயற்கையை ஆராய்பவருக்குத் திறமூல மென்பொருள் எதற்கு?

கேள்வி இது: “இயற்கை ஆய்வில் இருப்பவர்கள் திறமூல மென்பொருளை இவ்வளவு வலியுறுத்துவது காசு மிச்சமாகும் என்பதற்காகத்தானா? பறவை, தவளை ஒலிகளைப் பதிவுசெய்து ஒரு சிறிய ஆய்வு தொடங்க நினைக்கிறேன். எந்தக் கருவி, எந்த மென்பொருள், எங்கே சறுக்கும்?”

திறமூல மென்பொருள் என்பது, அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிப்பது. காசு ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் இல்லை. ஒரு முடிவு சந்தேகமாக வந்தால், அது எந்த இடத்தில் பிசகியது என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்திலிருந்து அட்டவணைக்கு, அட்டவணையிலிருந்து நிரலுக்கு, நிரலிலிருந்து மூல ஒலிப்பதிவுக்கு, அங்கிருந்து மைக் வரை. நடுவில் ஒரு கட்டம் மூடியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது அந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை மட்டும்தான். நம்பிக்கை கெட்ட விஷயம் இல்லை, ஆனால் அது ஆய்வுமுறை ஆகாது.

ஓர் உதாரணம். ஆர் என்ற திறமூலப் புள்ளியியல் மொழியின் 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில், தற்செயலாக மாதிரி எடுக்கும் சார்பின் உள்வேலை மாற்றப்பட்டது. பழைய முறையில் மிகப் பெரிய தொகுதியிலிருந்து எடுக்கும்போது எல்லா எண்களுக்கும் சரிசமமான வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதே காரணம். அதனால் 2018-இல் எழுதிய நிரலை அதே விதை எண்ணை (தற்செயல் எண்களின் தொடக்கப்புள்ளியை) கொடுத்து இன்று ஓட்டினாலும் வேறு மாதிரிகள் வரும். என்ன மாறியது, ஏன் மாறியது என்பது வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. பழைய முறையே வேண்டும் என்று கேட்டு வாங்கவும் வழி விட்டிருக்கிறார்கள். மூடிய மென்பொருளில் இதே மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருந்தால், இரண்டு வருடங்களின் முடிவுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காட்டுக்குள் போய்க் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

இனி கருவி. சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆடியோமாத் என்ற சிறு பதிவுக்கருவி தொடங்குவதற்கு ஏற்றது. சுற்றுப்படமும் உள்மென்பொருளும் பொதுவில் கிடைக்கின்றன. மூன்று டபுள் ஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். சாம்ப்ளிங் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை, 8 முதல் 384 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: ஒவ்வொரு வேவ் கோப்பின் தலைப்பகுதியிலும் பதிவான நேரம், கருவியின் எண், கெயின் (ஒலியை எவ்வளவு பெருக்குகிறது என்ற) அளவு, பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை எல்லாவற்றையும் அதுவே எழுதி வைக்கிறது. ஆறு மாதம் கழித்து யாராவது கோப்பின் பெயரை மாற்றிவிட்டாலும் உள்ளே விவரம் இருக்கும்.

சாம்ப்ளிங் ரேட்டில் பாதி வரைக்குமான அதிர்வெண்ணைத்தான் பதிவு செய்ய முடியும். பறவைக்கும் தவளைக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம், அதில் 24 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். வௌவாலுக்கு 200-க்கு மேல் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க 16 கிலோஹெர்ட்ஸ் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சரியான வடிப்பான் இல்லாத கருவியில், 10 கிலோஹெர்ட்ஸில் கத்தும் பூச்சி காணாமல் போகாது. 8-ஐத் தாண்டிய பகுதி மடங்கிக் கீழே வந்து 6 கிலோஹெர்ட்ஸில் இல்லாத ஓர் ஒலியாகத் தெரியும். பார்ப்பவர் அதைப் புதிய பறவை என்று குறித்துவைப்பார்.

கார்டுக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல் என்றால் நொடிக்கு 96,000 பைட், நிமிடத்துக்கு 5.76 எம்பி, ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 8.3 ஜிபி. 64 ஜிபி கார்டு எட்டு நாளுக்குக்கூடத் தாங்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 830 எம்பி. அதே கார்டு இரண்டரை மாதம் வரும். பேட்டரி அதற்கு முன்பே தீரலாம் என்பது வேறு கதை. 384 கிலோஹெர்ட்ஸில் தொடர்ந்து ஓடவிட்டால் ஒரே நாளில் கார்டு நிரம்பிவிடும். எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பது கேள்வியானால், சில நாள் இடைவிடாமல் பதிவதைவிடப் பல நாள்களில் துண்டு துண்டாகப் பதிவதே அதிகம் தரும். பறவைக்குச் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து இரண்டு மூன்று மணி நேரம், தவளைக்கு அஸ்தமனத்துக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.

மாட்டும் இடத்தில்தான் பாதிப் பதிவு கெடுகிறது. ஓடைச் சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் படிந்து மற்றதை மூடிவிடும். காற்றில் கருவியின் மேல் உரசும் ஓர் இலை, ஒரு வாரப் பதிவை வீணாக்கப் போதும். பருத்த மரத்தில் கட்டினால் பின்பக்கத்து ஒலியை மரமே தடுக்கும். எல்லாத் திசையும் வேண்டுமென்றால் மெல்லிய தண்டோ கம்போ நல்லது. உயரம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், எல்லா இடத்திலும் ஒரே உயரம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் நீர் புகாது, ஆனால் உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கும், மழைத்துளி பையில் விழும் சத்தம் தனி. ஒரு கருவி பையிலும் இன்னொன்று பெட்டியிலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எறும்பு குடியேறுவதும் நடக்கும்.

கெயினை நடுத்தரத்தில் வைத்துத் தொடங்குங்கள். அதிகம் வைத்தால் பக்கத்தில் கத்தும் பூச்சியின் அலை உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்று காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமில் மேலே மேலே போலி அடுக்குகளாக ஏறி நிற்கும். குறைவாக வைத்தால் தொலைவிலுள்ள பறவை இரைச்சலுக்குள் மூழ்கும். எது வைத்தாலும் ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள்.

நேரம் சலிப்பான விஷயம்தான், ஆனால் தரவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். கருவி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கும், நீங்கள் உள்ளூர் நேரம் என்று நினைத்திருப்பீர்கள். சில மணி நேரம் நகர்ந்து, விடியற்காலைப் பறவை நள்ளிரவில் பாடியதாக அட்டவணை சொல்லும். இது நல்லவேளையாகக் கண்ணில் படும் தவறு. கண்ணில் படாதது கடிகார நகர்வு. பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழையுள்ள குவார்ட்ஸ் படிகம் நாளுக்கு 1.7 நொடி நகரும், முப்பது நாளில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். இனப்பட்டியல் மட்டும் போதுமென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். பல கருவிகளை வைத்து ஒலி எங்கிருந்து வந்தது என்று கணக்கிடுவதானால் ஆபத்து: ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது, ஒரு நொடிப் பிழை என்பது 340 மீட்டர்ப் பிழை.

கார்டைக் கழற்றியதும் முதல் வேலை நகலெடுப்பது. மூலக் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பெண் (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் எண்) எடுத்து ஓர் உரைக்கோப்பில் சேமியுங்கள். நகல்களில் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இவையெல்லாம் சரியாக முடிந்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

கேட்கவும் பார்க்கவும் ஆடாசிட்டி போதும். சோனிக் விஷுவலைசர் இன்னும் நுணுக்கமானது. இரண்டும் திறமூலம். ராவன் லைட் இலவசமாகக் கிடைத்தாலும் திறமூலம் இல்லை, இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பெக்ட்ரோகிராமின் சாளர அளவை, அதாவது ஒரு முறைக்கு எவ்வளவு நீள ஒலித்துண்டை எடுத்துக் கணக்கிடுகிறது என்பதை, மென்பொருள் தருகிறபடியே விட்டுவிடாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 புள்ளிச் சாளரம் சுமார் 94 ஹெர்ட்ஸ் அதிர்வெண் நுணுக்கமும் 10.7 மில்லிநொடி நேர நுணுக்கமும் தரும். 2048 என்றால் 23 ஹெர்ட்ஸ், ஆனால் நேரம் 43 மில்லிநொடியாகக் கரடாகிவிடும். ஒரே சீராக நீளும் விசிலுக்குப் பெரிய சாளரம். தவளையின் படபடப்பான துடிப்புக்குச் சிறியது. பெரியதை வைத்தால் தனித்தனித் துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பட்டையாகத் தெரியும். எந்த அளவு வைத்தீர்கள் என்பதைப் படத்தின் அடியில் எழுதுங்கள். எழுதாத படத்தை வைத்து ஒன்றும் பேச முடியாது. நிரல் எழுதத் தயார் என்றால் ஆர் மொழியில் டியூன்ஆர், சீவேவ் என்ற தொகுப்புகள். பைத்தானில் லிப்ரோசா, சைகிட்-மாட்.

ஆயிரக்கணக்கான மணி நேரத்தைக் காதால் கேட்க முடியாது, அதற்குப் பறவைக் குரல்களைத் தானாக அடையாளம் காணும் பேர்ட்நெட். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இனப்பெயரும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணும் தரும். 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதற்குத் தெரியும். தவளைகளில் சிலவற்றைத்தான் அறியும், மற்றவற்றுக்கு உங்கள் பதிவுகளைக் கொண்டு தனி வகைப்படுத்தியைப் பயிற்றுவிக்கும் வசதி அதிலேயே உண்டு.

இங்கே ‘திறந்தது’ என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பேர்ட்நெட்டின் நிரல் எம்ஐடி உரிமத்தில் வருகிறது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். பயிற்சி பெற்ற மாதிரியோ (குரல்களிலிருந்து இனங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்ட பகுதி) வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. திறமூலத்துக்கான வழக்கமான வரையறைப்படி அது திறமூலம் ஆகாது. ஆய்வுக்கு அது தடையில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்துக்குச் சூழல் மதிப்பீடு செய்து தருபவர் உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். நிரல், மாதிரி, பயிற்சித் தரவு மூன்றும் வெவ்வேறு. நிரலைத் திறந்து பார்த்து எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அறியலாம். ஒரு பறவையை இன்னொன்றாக ஏன் நினைக்கிறது என்பது பெரும்பாலும் பயிற்சித் தரவில் இருக்கிறது.

அந்த மதிப்பெண் நிகழ்தகவு இல்லை. 0.8 என்றால் ‘எண்பது சதவீதம் உறுதி’ என்று பொருள் கொள்வதுதான் இத்துறையில் இன்று அதிகம் நடக்கும் தவறு என்பேன். ஓர் இனத்துக்கு 0.3-இலேயே கிட்டத்தட்ட எல்லாம் சரியாக இருக்கும், வேறோர் இனத்துக்கு 0.9-லும் பாதி தப்பாக இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் நீங்களே எல்லை கண்டுபிடிக்க வேண்டும்: 0.1 முதல் 1 வரை மதிப்பெண்ணைப் பத்திலொரு பங்கு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் தற்செயலாக இருபது துண்டுகளை எடுங்கள். மதிப்பெண்ணை மறைத்துவிட்டுக் கேட்டுச் சரி, தப்பு என்று குறியுங்கள். அதற்கு ஒரு லாஜிஸ்டிக் வளைவு (மதிப்பெண் கூடக்கூடச் சரியாக இருக்கும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று காட்டுவது) பொருத்தினால், பத்தில் ஒன்பது சரியாக இருக்கும் மதிப்பெண் எது என்று தெரியும். மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது அதற்கு ஏற்றபடி கேட்கத் தொடங்கிவிடும். வேறு காட்டுக்குப் போனால் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் பின்னணி ஒலி வேறு, கூட இருக்கும் இனங்கள் வேறு.

பதிவில் இல்லை என்பதால் அங்கே இல்லை என்றாகாது. உயர்ந்த அதிர்வெண் காற்றிலும் இலையிலும் விரைவாகத் தேயும். கீச்சென்று பாடும் சிறு பறவை சில பத்து மீட்டரில் மறையும் இடத்தில் ஆந்தையின் குரல் பல நூறு மீட்டர் தாண்டி வரும். எனவே இரண்டு இனங்களின் பதிவு எண்ணிக்கையை ஒப்பிட்டு ‘இது அதிகம், அது குறைவு’ என்று எழுதக் கூடாது. மனிதப் பேச்சும் கண்டிப்பாகப் பதிவாகும். அந்தத் துண்டுகளைப் பகுப்பாய்வுக்கு முன்பே நீக்குங்கள். பொதுவில் ஏற்றும் தொகுப்பில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அட்டவணையை விரிதாளில் திறப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்செல் சில எழுத்துகளைத் தானாகவே தேதியாக மாற்றும். மார்ச்1, செப்ட்2 என்ற மனித மரபணுப் பெயர்கள் இப்படித் தேதியாகி ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புகளில் குவிந்ததால், கடைசியில் 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மென்பொருளைத் திருத்துவதைவிட உயிரியலைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கிறது. இனக்குறியீடுகளுக்கும் இடக்குறியீடுகளுக்கும் இதே கதி வரும். சிஎஸ்வி என்ற எளிய உரைக்கோப்பாகவே வைத்து நிரல் வழியாகப் படியுங்கள். விரிதாளில் பார்க்கலாம், ஆனால் சேமிக்காதீர்கள்.

திறமூலத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும், சில ஆதரவாளர்கள் இதைத் தவிர்ப்பார்கள். அது ஆட்களால் நிற்கிறது, பெரும்பாலும் மிகச் சிலரால். இடஞ்சார் ஆய்வில் பல வருடமாக ஆர் பயனர்கள் நம்பியிருந்த ஆர்ஜிடால், ஆர்ஜியாஸ், மேப்டூல்ஸ் என்ற மூன்று தொகுப்புகளும் 2023 அக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டன. பராமரித்தவர் ஓய்வு பெறும் கட்டத்தில் இருந்தார். நீண்ட முன்னறிவிப்பு தந்தார்கள், எஸ்எஃப், டெர்ரா என்ற மாற்றுகளும் தயாராக இருந்தன. அப்படியும் பழைய நிரல்கள் ஏராளமாக நின்றுபோயின. இன்னும் கடுமையானது 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம்: ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை நுழைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர், தொலைக்கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால் துருவ முடிந்தது. ஆனால் எல்லாரும் பார்க்கலாம் என்பதால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணக் கூடாது.

எனவே உங்கள் பகுப்பாய்வின் பதிப்புகளை உறைய வையுங்கள். ஆர் என்றால் ஆர்என்வி, பைத்தான் என்றால் கோண்டா சூழல் கோப்பு. எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பு என்று அது பட்டியலிடும். நிரலை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் வையுங்கள். பொதுவில் போடும்போது உரிமக் கோப்பு சேருங்கள்: உரிமம் இல்லாமல் இணையத்தில் கிடக்கும் நிரல் பதிப்புரிமைச் சட்டப்படி மூடியதுதான், படிக்கலாம், எடுத்தாள உரிமை இல்லை. நிரலுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், தரவுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ். நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. வெளியீட்டின் ஒரு நகலைச் செனோடோ என்ற ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான அடையாள எண் கிடைக்கும், கட்டுரையில் அதைக் காட்டலாம். பயன்படுத்திய தொகுப்புகளையும் மேற்கோள் காட்டுங்கள். அவற்றைப் பராமரிப்பவர்கள் அடுத்த நிதி கேட்கும்போது அதுதான் அவர்களுக்கு ஆதாரம்.

தரவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லேண்ட்சாட் நல்ல சான்று. 2008-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்தச் செயற்கைக்கோள் படங்களை இலவசமாக்குவதாக அறிவித்தது. அதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் காசு கட்ட வேண்டியிருந்ததால், ஒரு காட்டைப் பார்க்க ஆய்வாளர்கள் இரண்டு மூன்று படங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். இலவசமானபின் ஒரே இடத்தின் நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாக அடுக்கி, காடு எந்த வருடம் வெட்டப்பட்டது, எப்போது திரும்ப முளைத்தது என்று பார்க்கும் முறைகள் பெருகின.

ஆனால் இயற்கையில் எல்லாவற்றையும் திறக்கக் கூடாது. கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியினம் 1999-இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. கட்டுரையில் கிடைத்த இடவிவரத்தைக் கொண்டே சேகரிப்பாளர்கள் போய்ச் சேர்ந்தார்கள், முதலில் கண்ட இடத்தில் அது இல்லாமலே போனது. மக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகை கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுவது இதனால்தான். வடக்கு தெற்காக அது சுமார் 22 கிலோமீட்டர். உங்கள் தொகுப்பிலும் அப்படியே செய்யுங்கள்: முறை, நிரல், உரிமம் முழுவதும் திறந்திருக்கட்டும், கூடு கட்டும் இடத்தின் துல்லியமான ஆயத்தொலை மட்டும் கேட்டு வாங்கும்படி இருக்கட்டும். வேவ் கோப்பின் பெயரிலோ கோப்புறைப் பெயரிலோ இடம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், அட்டவணையில் மறைத்துவிட்டு அங்கே விட்டுவிடுவார்கள்.

கணினிக்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு உண்டு. ஒரு மடிக்கணினியின் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது, ஆகவே இருப்பதை இன்னும் சில வருடம் ஓட்டுவதே சூழலுக்கு நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பல நல்ல கணினிகள் ஒதுக்கப்பட்டன. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்புள்ள லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டால் அவை பேர்ட்நெட்டை இரவு முழுக்கப் பொறுமையாக ஓட்டும். வட்டை எஸ்எஸ்டியாக மாற்றி, நினைவகத்தை 8 ஜிபியாக்கினால் போதும்.

காட்டுக்குப் போகும்முன் கருவியை வீட்டு ஜன்னலில் இரண்டு நாள் மாட்டுங்கள். தெரிந்த ஒரு நேரத்தில் கருவியின் அருகே கைதட்டி, பதிவில் அது எந்த நேரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நகலெடுப்பு, சரிபார்ப்பெண், பேர்ட்நெட், அட்டவணை, வரைபடம் வரை அந்த இரண்டு நாள் தரவைக் கொண்டுபோங்கள். பிறகு அந்தக் கோப்புறையையும் சூழல் கோப்பையும் வேறொரு கணினியில் இன்னொருவரிடம் கொடுத்து, எதுவும் கேட்காமல் அதே வரைபடத்தை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்றுபோகிறாரோ அந்தப் படியை ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதிவிட்டு இரண்டாவது கருவியை வாங்குங்கள்.